நிலுவையில் நிற்கும் பில்லை வசூலிப்பது: ஒரு தொழில் சங்க உதவி மேசையின் அனுபவம்

2020 மே மாதம் மத்திய அரசு அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தை அறிவித்தது. பிப்ரவரி 29 அன்று வங்கியில் இருந்த கடன் பாக்கியில் 20 சதவீதம், பிணை இல்லாமல், நான்கு ஆண்டுத் தவணையில். நல்ல திட்டம்தான். ஆனால் ஏற்கெனவே தொழில் கடன் வாங்கியிருந்தவருக்குத்தான் அது கிடைத்தது. கோவையில் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் வாடகைக் கட்டடத்தில் இரண்டு லேத்தும் ஒரு ட்ரில்லிங் மெஷினும் போட்டு ஜாப் ஆர்டர் செய்கிறவர்களில் பலருக்குத் தொழில் கடனே கிடையாது. நகையை வைத்தும் கைமாற்று வாங்கியும் ஓட்டுகிறவர்கள். அவர்கள் அந்தத் திட்டத்துக்கு வெளியே நின்றார்கள்.

அவர்களுக்கும் வரவேண்டிய பணம் ஒன்று இருந்தது. செய்து கொடுத்த வேலையின் கூலி அது. எங்கள் வட்டாரச் சங்கத்தின் உதவி மேசை முதலில் கையில் எடுத்த வேலை, அந்தப் பணத்தை வரவழைப்பது. உறுப்பினர் அல்லாதவருக்கும் மேசை திறந்திருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தோம். சந்தா கட்ட முடியாத பட்டறைதானே பாக்கியில் முதலில் மூழ்குகிறது? ஃபைல் ஃபைலாகப் பார்த்ததில் தெரிந்துகொண்டதை, அதே வழியில் போகப்போகிறவர்களுக்காக எழுதுகிறோம்.

சட்டம் பழையது, 2006-ல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம். பொருளையோ வேலையையோ ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள் பணம் தர வேண்டும்; அது 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் 15 நாள்தான். பர்ச்சேஸ் ஆர்டரில் ‘90 நாள் கிரெடிட்’ என்று அச்சடித்து நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தாலும் 45-க்கு மேல் செல்லாது. தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. 2023-24-ல் வங்கி விகிதம் 6.75 சதவீதம். மூன்று மடங்கு என்றால் 20.25. அந்தக் கணக்கில் 2 லட்சம் ரூபாய் பில் ஒரு வருடம் தாமதமானால் வட்டி மட்டும் சுமார் 44,480 ரூபாய். ரெப்போ விகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறார்கள், அது தவறு. வங்கி விகிதம் வேறு, ரெப்போ வேறு. விகிதம் இடையில் மாறியிருந்தால் அந்தந்தக் காலத்துக்கு அந்தந்த விகிதத்தில் தனித்தனியாகப் போட வேண்டும்.

இந்த உரிமை குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும்தான். நடுத்தர நிறுவனத்துக்கு இல்லை. வாங்கி விற்கும் வியாபாரிக்கும் இல்லை. 2021 ஜூலையில் வியாபாரிகளுக்கும் உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) கொடுத்தார்கள், ஆனால் அது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டும்.

எங்களிடம் வந்த ஃபைல்கள் அதிகம் அடிபட்டது உத்யம் பதிவில்தான். பதிவு இலவசம், ஆவணம் எதையும் ஏற்ற வேண்டியதில்லை. ஆதார், பான், ஆதாரோடு இணைந்த செல்போன் போதும். ஜிஎஸ்டி தேவைப்படாத அளவு வரவு செலவு உள்ளவர், ஜிஎஸ்டி எண் இல்லாமலே பதியலாம். ஆனால் தேடுபொறியில் முதலில் வரும் தனியார் தளங்களை அரசுத் தளம் என்று நம்பிப் பணம் கட்டியவர்கள் நிறைய. பணம் போனதோடு முடிவதில்லை. யாரோ ஒருவர் அவசரத்தில் ‘வியாபாரம்’ என்று தொழில் வகையைக் குறித்துவிடுகிறார். பட்டறைக்காரர் சான்றிதழைப் பிரேம் போட்டு மாட்டிவைக்கிறார். மூன்று வருடம் கழித்து பாக்கி வழக்குப் போடும்போது, எதிர்த்தரப்பு அந்த ஒற்றைச் சொல்லை எடுத்துக் காட்டுகிறது. லேத், மில்லிங் போன்ற இயந்திர வேலைக்குத் தேசியத் தொழில் வகைப்பாட்டில் 2592 என்ற வகுப்பு இருக்கிறது. உங்கள் சான்றிதழில் என்ன எண் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். தவறென்றால் அதே அரசுத் தளத்தில் இலவசமாகத் திருத்தலாம்.

உத்யமுக்கு முன் இருந்த உத்யோக் ஆதார் பதிவை வைத்திருப்பவர்கள் அதைச் சான்றாகக் கொண்டுவருவதும் உண்டு. அது 2022 ஜூன் 30-ஓடு காலாவதி ஆகிவிட்டது. உத்யமுக்கு மாறியிருக்க வேண்டும்.

தேதியும் முக்கியம். ஆர்டர் எடுத்தபோது பதிவு இல்லை, பாக்கி விழுந்த பிறகு பதிந்தேன் என்றால், அந்தப் பழைய பாக்கிக்கு இந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது என்பதே 2021-லும் 2022-லும் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை. ஆகவே பதிவு முதலில், ஆர்டர் பிறகு.

பெண்கள் நடத்தும் பட்டறைகளில் தனியாக ஒரு சிக்கல் வருகிறது. உத்யம் மனைவி பெயரில் இருக்கும். பில் புத்தகத்தில் கணவர் பெயர். பணம் வருவது இன்னொரு கணக்கில். மெஷினைத் தினமும் ஓட்டுவதும் கணக்கு எழுதுவதும் அந்தப் பெண்தான், ஆனால் காகிதத்தில் அவர் வேலை செய்ததற்கே தடயம் இல்லை. உத்யம், பில், வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே பெயர், ஒரே பான் வர வேண்டும். தனிநபர் நிறுவனத்துக்கு அவருடைய சொந்தப் பான்தான், ஒரு பானுக்கு ஒரே உத்யம்தான். இரண்டு இடத்தில் பட்டறை இருந்தால் இரண்டு முகவரியையும் அந்த ஒன்றிலேயே சேர்க்க வேண்டும். வாடகைக் கட்டடம் மாறினால் முகவரியையும் உடனே மாற்றுங்கள். பழைய முகவரிக்குப் போன கடிதம் கைக்கு வராமலே வாய்தா தாண்டிவிடும்.

இனி பில். வழக்கில் ஜெயிப்பதும் தோற்பதும் சரக்கு இறக்கும் அன்றைக்கே தீர்ந்துவிடுகிறது. சரக்கோடு போகும் டெலிவரி சலானில் (டிசி) வாங்கியவர் கையெழுத்து, தேதி, முத்திரை மூன்றும் வேண்டும். செக்யூரிட்டி கேட்டில் வைத்த ‘இன்வர்ட்’ முத்திரையாவது இருக்க வேண்டும். டிசி எண்ணைப் பில்லிலும், பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணை இரண்டிலும் எழுதுங்கள். ஆர்டர் வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அதை அழிக்காமல், எண்ணும் தேதியும் தெரிய எடுத்து வையுங்கள். பில் தலைப்பில் உத்யம் எண்ணையும் ‘குறு நிறுவனம்’ என்பதையும் அச்சடித்துவிடுங்கள். புத்தகம் ஏற்கெனவே அடித்தாகிவிட்டது என்றால் ரப்பர் ஸ்டாம்ப் போதும். நீங்கள் குறு நிறுவனம் என்றே தெரியாது என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

பாக்கி கேட்டவுடன் வரும் முதல் பதில், ‘உங்க பீஸ் ரிஜெக்ட்’. அளவு தப்பு, ஃபினிஷ் இல்லை, அசெம்ப்ளியில் உட்காரவில்லை. சட்டம் இதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது: குறை இருந்தால் சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். எட்டு மாதம் கழித்துப் போனில் சொல்லும் ரிஜெக்‌ஷனைக் கேட்டுத் தலை குனிய வேண்டியதில்லை. உண்மையிலேயே சில பீஸ் திரும்பி வந்திருந்தால், அவற்றின் எண்ணிக்கையைக் குறித்து அந்தத் தொகையை நீங்களே கழித்துக் காட்டுங்கள். மறைத்தால் மொத்தக் கணக்கின் மேலும் சந்தேகம் விழும்.

பார்ட்டி, அதாவது வேலையை வாங்கிய நிறுவனம், பில்லை ஒப்புக்கொண்டதற்கு அவருடைய சொந்தக் காகிதமே சாட்சி சொல்லும். பில் தொகையில் வருமான வரி (டிடிஎஸ்) பிடித்திருந்தால், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் வந்திருக்கும்; பில்லை ஏற்காதவர் வரி பிடித்தது ஏன்? ஜிஎஸ்டி பதிவு உள்ள பட்டறை என்றால் இன்னொரு பிடியும் உண்டு: பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தரவில்லை என்றால், உங்கள் பில்லில் உள்ள ஜிஎஸ்டிக்காக எடுத்த உள்ளீட்டு வரிக் கழிவைப் பார்ட்டி வட்டியோடு திருப்ப வேண்டும். வருடா வருடம் மார்ச் 31 நிலவரப்படி லெட்ஜர் பாக்கியைக் கையெழுத்துடன் உறுதிப்படுத்தி வாங்குங்கள். ஆடிட்டுக்கு வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். பாக்கிக்கு வழக்குப் போடக் காலவரம்பு மூன்று ஆண்டு. அது முடிவதற்குள் வாங்கிய அந்த ஒரு கையெழுத்து மூன்று ஆண்டுக் கணக்கைப் புதிதாகத் தொடங்கிவைக்கும்.

இவ்வளவு இருந்தும், இந்தச் சட்டப்படி பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் கவுன்சிலில் மனு போடப் பலர் தயங்குகிறார்கள். ஒரே பார்ட்டியை நம்பி ஓடும் பட்டறை, வழக்குப் போட்டால் அடுத்த லோடு வராது என்று பயப்படுகிறது. அந்தப் பயம் நியாயமானது. சங்கம் உண்மையில் உதவும் இடமும் இதுதான். முதல் கடிதம் பட்டறைக்காரர் கையெழுத்தில் போகக் கூடாது. சங்கத்தின் தாளில், நான்கைந்து பட்டறைகளின் பாக்கியைச் சேர்த்து, பார்ட்டியின் கணக்குப் பிரிவுக்குப் போக வேண்டும். பர்ச்சேஸ் ஆளுக்கு அனுப்பினால் அவர் மேசையிலேயே நின்றுவிடும். கடிதம் பிப்ரவரியில் போவது நல்லது. வருமான வரிச் சட்டத்தில் 2023-ல் சேர்த்த 43பி பிரிவின் எச் உட்பிரிவுப்படி, குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டிய பாக்கியை மார்ச் 31-க்குள் தரவில்லை என்றால், அந்தச் செலவை அந்த வருட லாபத்தில் கழிக்க முடியாது. வழக்குக்கு அசையாத பார்ட்டிகள் ஆடிட்டர் சொன்னால் அசைகிறார்கள். மறுபக்கம், ‘உத்யமை ரத்து பண்ணிட்டு வாங்க, அப்புறம் ஆர்டர் பேசலாம்’ என்று கேட்கிறவர்களும் இதனால் வந்திருக்கிறார்கள். தயவுசெய்து ரத்து செய்யாதீர்கள். கையில் இருக்கும் ஒரே பிடியை விட்டுவிட்டு வாங்கும் ஆர்டர் அது.

கடிதத்துக்குப் பதில் இல்லையென்றால் மனு. 2017 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய சமாதான் இணையதளம் வழியாகப் போட்டுவந்தோம். 2025 ஜூனில் இணையவழித் தகராறுத் தீர்வுத் தளமும் வந்தது. எந்தத் தளமானாலும் ஃபைல் ஒன்றுதான். உத்யம் சான்றிதழ், ஆர்டர், டிசி, பில், வந்த பணத்தின் விவரம், லெட்ஜர், வட்டிக் கணக்கு. ஒரு பார்ட்டிக்கு ஒரு மனு. பார்ட்டி புனேயில் இருந்தாலும் குர்கானில் இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை, விற்றவர் இருக்கும் இடத்துக் கவுன்சிலே விசாரிக்கும். கோவையிலேயே வட்டாரக் கவுன்சில் இருக்கிறது. பார்ட்டியின் பெயரைப் பில்லில் உள்ளபடியே அல்லாமல், அவர் ஜிஎஸ்டி பதிவில் உள்ளபடி எழுதுங்கள். ஊரில் எல்லோரும் சொல்லும் மில் பெயர் ஒன்றாகவும், பதிவான கம்பெனிப் பெயர் வேறாகவும் இருக்கும். அந்தத் தவறால் நோட்டீஸ் திரும்பி வந்த ஃபைல்களை மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டியதாயிற்று.

இடையிடையே வந்த பணத்தில் கவனமாக இருங்கள். 3 லட்சம் பாக்கியில் 50,000 போட்டால், எந்தப் பில்லுக்கு என்று பார்ட்டி சொல்லியிருந்தால் அதில் வையுங்கள். சொல்லவில்லை என்றால் எதில் வரவு வைத்தீர்கள் என்பதை அன்றைக்கே மெயிலில் தெரிவித்துவிடுங்கள்.

கவுன்சில் முதலில் சமரசம் பேசும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைத் தாண்டும், அதற்கேற்ப மனதையும் கையிருப்பையும் தயார் செய்துகொள்ளுங்கள். சமரசத்தில் பார்ட்டி கேட்பது எப்போதும் ஒன்றுதான்: அசலைத் தருகிறேன், வட்டியை விடுங்கள். எங்கள் கருத்தில் அசல் முழுதும் உடனே வருகிறது என்றால் விடலாம். ஆறு தவணை என்றால், ஒரு தவணை தவறினாலும் முழு வட்டியும் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் விடக் கூடாது. அந்த ஒப்பந்தம் கவுன்சிலின் சமரசமாகவே பதிவாக வேண்டும். அப்போது அதற்குத் தீர்ப்பின் பலம் உண்டு. வெளியே வெள்ளைத்தாளில் எழுதியதற்குக் கிடையாது. கடைசிச் செக் பணமாகும் வரை மனுவை வாபஸ் வாங்கவே வேண்டாம். பின்தேதியிட்ட செக்கைக் கையில் வாங்கிக்கொண்டு மனுவையும் வாபஸ் வாங்கிவிட்டு, செக் திரும்பியதும் ஓடிவருகிறவர்களைப் பார்ப்பது எங்களுக்கு இன்றும் வேதனையாக இருக்கிறது.

சமரசம் முறிந்தால் நடுவர் விசாரணை. அதில் வந்த தீர்ப்பை எதிர்த்துப் பார்ட்டி நீதிமன்றம் போக வேண்டுமானால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். சிறு பட்டறைக்கு இந்தச் சட்டம் கொடுத்திருக்கும் பெரிய காப்பு இது. பார்ட்டி திவால் நடைமுறைக்குள் போய்விட்டால் மட்டும் எல்லாம் நின்றுவிடும். அப்போது கவுன்சிலை விட்டுவிட்டு, அந்த நடைமுறையை நடத்தும் தீர்வு நிபுணரிடம் உரிய படிவத்தில் கோரிக்கை போட வேண்டும். அந்த அறிவிப்பைத் தவறவிடாமல் இருக்க, பார்ட்டியின் பெயரை அவ்வப்போது தேடிப் பாருங்கள்.

தீர்ப்பு வந்தும் பார்ட்டி தரவில்லை என்றால், சொத்தோ வங்கிக் கணக்கோ இருக்கும் இடத்து நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு போட வேண்டும். ‘எந்தக் கணக்கை முடக்குவது?’ என்று அங்கே கேட்பார்கள். பல ஃபைல்கள் அங்கேதான் நின்றன. ஆகவே நல்லுறவு இருக்கும் நாளிலேயே, பார்ட்டி கொடுக்கும் ஒவ்வொரு செக்கையும் வங்கியில் போடுவதற்கு முன் இருபுறமும் நகல் எடுத்து, பில்லோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். கணக்கு எண்ணும் கிளையும் அதில்தான் இருக்கின்றன.