ஓர் அரைப்புள்ளியும் ஒரு கவர்னரும்

டெக்சாஸில், ஹூஸ்டன் பக்கம் ஓட்டுப் போடப் போகிறவர்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்கும். பரீட்சைக்கு பிட்டு எடுத்துப்போவது மாதிரிதான், ஆனால் இது சட்டப்படி சரி. வாக்குச்சாவடிக்குள் போனை எடுக்கக் கூடாது, காகிதம் வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஹாரிஸ் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வாக்குச்சீட்டு அமெரிக்காவிலேயே மிக நீளமானவற்றில் ஒன்று. காகிதம் இல்லாமல் போனால் பாதியிலேயே தலை சுற்றும்.

கவர்னர் வரைக்கும் புரியும், நம்மூர் முதல்வர் மாதிரி. அப்புறம் லெப்டினன்ட் கவர்னருக்குத் தனி ஓட்டு. அட்டர்னி ஜெனரல், கணக்கு பார்க்கும் கம்ப்ட்ரோலர், நிலத்துக்கு ஒரு கமிஷனர், விவசாயத்துக்கு ஒரு கமிஷனர், ரயில்ரோடு கமிஷனர், எல்லாருக்கும் தனித்தனி ஓட்டு. அது முடிந்தால் நீதிபதிகள். மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்திலிருந்து குடும்ப நீதிமன்றம் வரை வரிசையாக வருவார்கள், ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் கட்சி போட்டிருக்கும். போனில் இதைச் சொன்னபோது தூத்துக்குடியில் இருக்கும் அப்பா, "ஜட்ஜுக்குக் கட்சியா? அப்போ கேஸ் எப்படிம்மா நடக்கும்?" என்றார். நடக்கிறதுப்பா என்றேன். வேறென்ன சொல்வது.

இதில் ரயில்ரோடு கமிஷன் எனக்கு நன்றாகத் தெரிந்த ஆபீஸ். 1891-ல் ரயில் கம்பெனிகளின் கட்டணக் கொள்ளையைத் தட்டிக்கேட்கத் தொடங்கியது. இன்று அதற்கும் ரயிலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, எண்ணெய்க் கிணறும் எரிவாயுக் குழாயும்தான் அதன் ராஜ்யம். நான் வேலை பார்க்கும் இடத்திலிருந்து மாசாமாசம் எந்தக் கிணற்றில் எவ்வளவு எடுத்தோம் என்ற கணக்கு அங்கேதான் போகிறது. உலக எண்ணெய்ச் சந்தையையே ஒரு காலத்தில் ஆட்டிவைத்த மூன்று கமிஷனர் நாற்காலிகள் அவை. அவர்களை யார் என்று தெரியாமலேயே பாதி டெக்சாஸ் ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறது.

ஏன் இப்படி எல்லாவற்றுக்கும் தேர்தல் என்று இங்கே யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "நாங்கள் எல்லைப்புற ஜனங்கள், அரசாங்கத்தை நம்ப மாட்டோம், அலமோ ரத்தம்." ஊரிலிருந்து யார் வந்தாலும் நாமும் சான் அன்டோனியோவுக்குக் கூட்டிப்போய் அந்த அலமோவைக் காட்டத்தான் செய்கிறோம். நகர நடுவில், வந்தவர்கள் "இவ்வளவு சின்னதா?" என்று கேட்கிற அளவுக்கு ஒரு கிறிஸ்தவக் கோயில். 1836-ல் மெக்சிகோ படையின் 13 நாள் முற்றுகை, உள்ளே நின்று போரிட்டவர்களில் அனேகமாக எல்லாரும் சாவு, ஏப்ரல் 21-ல் சான் ஹசின்டோவில் பதினெட்டே நிமிடத்தில் பதிலடி, மெக்சிகோவிடமிருந்து விடுதலை. வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே வருஷம் அந்த விடுதலைக் குடியரசு எழுதிய அரசியல் சட்டம் அடிமை முறையைக் கெட்டியாகக் கட்டிக்காத்தது. விடுதலை பெற்ற கறுப்பர் ஒருவர் காங்கிரஸ் என்ற அதன் நாடாளுமன்றத்தின் அனுமதி இல்லாமல் டெக்சாஸில் குடியிருக்கவே கூடாது என்றது. அலமோ பலகைகளைப் படித்துக்கொண்டு வருகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு வரலாம்.

என் வாதம் வேறு. இன்றைய டெக்சாஸ் அரசியல் அலமோவில் பிறக்கவில்லை. 1874-ல் ஆஸ்டினில், ஒரு மனிதர் மேல் வந்த கோபத்தில் பிறந்தது. அவர் பெயர் எட்மண்ட் டேவிஸ்.

டேவிஸ் டெக்சாஸ்காரர்தான், இங்கே நீதிபதியாக இருந்தவர். 1861-ல், உள்நாட்டுப் போர் தொடங்கிய சமயம், டெக்சாஸ் அமெரிக்காவிலிருந்து பிரிந்து தெற்கு மாநிலங்களோடு போனபோது அவர் போகவில்லை. வடக்குப் படைக்காகக் குதிரைப்படை திரட்டிச் சொந்த மாநிலத்துக்கு எதிராகப் போரிட்டார். போர் முடிந்து 1869-ல் நடந்த தேர்தலில் சுமார் 800 ஓட்டு வித்தியாசத்தில் கவர்னர். புதிதாக ஓட்டுரிமை பெற்ற கறுப்பர்கள்தான் அவரைக் கரையேற்றினார்கள். அன்றைய அரசியல் சட்டம் கவர்னருக்கு ஏகப்பட்ட அதிகாரம் கொடுத்திருந்தது. நான்கு வருஷப் பதவி, நீதிபதிகளை நியமிக்கும் உரிமை, எல்லாம். டேவிஸ் அத்தனையையும் பயன்படுத்தினார். மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகள், பிள்ளைகள் கட்டாயம் பள்ளிக்கு வரவேண்டும் என்று சட்டம், அதற்கு வரி. மாநிலப் போலீஸ் என்று புதுப் படை. அதில் பத்துக்கு நான்கு பேர் கறுப்பர்கள். ஐந்து வருஷம் முன்பு வரை தாங்கள் அடிமையாக வைத்திருந்தவன் இன்று துப்பாக்கியோடு வந்து கைது செய்கிறான் என்றால் பழைய தோட்ட முதலாளிகளுக்கு எப்படி இருந்திருக்கும்! சும்மா கிளப்பிவிட்ட கோபம் மட்டும்தான் என்றும் சொல்லிவிட முடியாது. அந்தப் போலீஸின் தலைவரே 37,000 டாலருக்கு மேல் சுருட்டிக்கொண்டு கம்பி நீட்டினார்.

எல்லைப்புறக் கதை இங்கேதான் வந்து சேர்கிறது. 1871 மே மாதம் ஜாக்ஸ்பரோ பக்கம் கயோவா என்ற பூர்வகுடியின் வீரர்கள் ஒரு சரக்கு வண்டித் தொடரைத் தாக்கி ஏழு வண்டிக்காரர்களைக் கொன்றார்கள். அதே வழியில் சற்று முன்புதான் அமெரிக்க ராணுவத் தளபதி ஷெர்மன் போயிருந்தார். பதுங்கியிருந்தவர்கள் அவரை விட்டுவிட்டார்கள். சாட்டான்டா, பிக் ட்ரீ என்ற இரண்டு தலைவர்கள் பிடிபட்டு ஜாக்ஸ்பரோவில் ஜூரி முன் நிறுத்தப்பட்டார்கள். பூர்வகுடித் தலைவர்களை ஒரு மாநில நீதிமன்றம் விசாரித்தது அதுவே முதல் முறை. தீர்ப்பு, தூக்கு. தூக்கிலிட்டால் மொத்த கயோவாக் கூட்டமும் எல்லைமேல் பாயும் என்ற பயம் இருந்தது. டேவிஸ் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். வாஷிங்டன் விடாமல் நெருக்க, 1873 அக்டோபரில் இருவரையும் விடுவித்தும் விட்டார். எல்லையோரக் குடியேறிகள் கொதித்துப்போனார்கள். தேர்தலுக்கு இரண்டு மாதம்கூட இல்லை!

ஹூஸ்டனிலிருந்து டல்லாஸ் போகும் ஐ-45-ல் ஹண்ட்ஸ்வில் வரும். பெரும்பாலும் காபிக்கு நிறுத்துகிற ஊர். நெடுஞ்சாலையிலிருந்தே, சான் ஹசின்டோவில் ஜெயித்த சாம் ஹூஸ்டனின் பிரம்மாண்டமான வெள்ளைச் சிலை தெரியும். அதற்காக நிறுத்துகிறவர்கள் ஊருக்குள் போவதில்லை. உள்ளே, வீடுகளுக்கும் ஆபீஸ்களுக்கும் நடுவிலேயே, செங்கல் மதிலோடு, சாட்டான்டா அடைபட்ட அந்தப் பழைய சிறை நிற்கிறது. 'வால்ஸ்' என்றுதான் அதற்குப் பெயர். மரண தண்டனைகள் இன்றும் அங்கேதான் நிறைவேறுகின்றன. மதிலை ஒட்டி நடந்தால் தெருவின் இந்தப் பக்கம் ஜனங்கள் கார் நிறுத்தி இறங்குகிறார்கள், அந்தப் பக்கம் காவல் கோபுரம். சாட்டான்டாவை 1874-ல் மறுபடி பிடித்து இங்கேதான் அடைத்தார்கள். 1878 அக்டோபரில் மாடி ஜன்னலிலிருந்து குதித்து உயிரை விட்டார். கைதிகள் கல்லறையில் கிடந்த எலும்புகள் 1963-ல்தான் ஓக்லஹோமாவில் உள்ள ஃபோர்ட் சில்லுக்கு, அவர் ஜனங்களிடம் போய்ச் சேர்ந்தன.

டேவிஸ் கதைக்கு வருகிறேன். 1873 டிசம்பர் தேர்தலில் ரிச்சர்ட் கோக் என்ற ஜனநாயகக் கட்சிக்காரர் ஒன்றுக்கு இரண்டாக ஓட்டு வாங்கி டேவிஸை மண்ணைக் கவ்வவைத்தார். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் ஹாரிஸ் கவுண்டியில், அதாவது எங்கள் ஊரில், ரோட்ரிகஸ் என்ற ஒருவர் இரண்டு தடவை ஓட்டுப் போட்டதாகக் கைதானார். அவருக்காக வாதாடியவர்கள் ஒரு போடு போட்டார்கள்: தேர்தலே செல்லாது, செல்லாத தேர்தலில் இரண்டு தடவை போட்டால் என்ன குற்றம்?

வாதம் முழுக்க ஒரு செமிகோலன், அதாவது ஓர் அரைப்புள்ளி மேல் நின்றது. தேர்தல் கவுண்டித் தலைநகரில் நடக்க வேண்டும், சட்டம் வேறு விதமாகச் சொல்லும் வரை; வாக்குச்சாவடி நான்கு நாள் திறந்திருக்க வேண்டும் என்றது அரசியல் சட்டம். சட்டமன்றம் இதை ஒரு நாளாகக் குறைத்திருந்தது. 'சட்டம் வேறு விதமாகச் சொல்லும் வரை' என்பது அரைப்புள்ளிக்கு முன்னால் சொன்னதற்கு, அதாவது தேர்தல் நடக்கும் ஊருக்கு மட்டும்தான் பொருந்தும், பின்னால் இருக்கும் நான்கு நாளைத் தொட முடியாது, அதனால் தேர்தல் செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று நீதிபதிகளும் டேவிஸ் நியமித்தவர்கள். 'அரைப்புள்ளி கோர்ட்' என்ற பெயர் அவர்களுக்கு ஆயுளுக்கும் ஒட்டிக்கொண்டது. இலக்கணப்படி பார்த்தால் தீர்ப்பில் குறை சொல்ல முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது. தோற்றவர் கையில் கிடைத்த தீர்ப்பு, அதுதான் சிக்கல்.

1874 ஜனவரியில் ஆஸ்டின் தலைமைச் செயலகத்தில் நடந்தது அசல் கூத்து. கீழ்த் தளத்தில் டேவிஸும் காவலர்களும். மேல் தளத்தில் புதிய சட்டமன்றம். ஏணி வைத்து ஏறிப் போனார்கள் என்பார்கள். டேவிஸ் தன் பாதுகாப்புக்குக் கூப்பிட்ட உள்ளூர்ப் படை கோக் பக்கம் சாய்ந்தது. ராணுவம் அனுப்பச் சொல்லி ஜனாதிபதி கிரான்ட்டுக்குத் தந்தி போனது. கிரான்ட் கைவிரித்தார். டேவிஸ் வெளியேறினார். அதன் பிறகு அவர் கட்சியான குடியரசுக் கட்சியிலிருந்து அடுத்த கவர்னர் பதவியேற்றது 1979-ல். நூற்றைந்து வருஷம்!

ஜெயித்தவர்கள் அடுத்து செய்ததுதான் இன்றுவரை நம் கழுத்தில் இருக்கிறது. 1875-ல் புது அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் விவசாயிகள் சங்கத்துக்காரர்கள். சிக்கனம் என்றால் அப்படி ஒரு சிக்கனம்: பேசியதைக் குறிப்பெடுக்கச் சுருக்கெழுத்தாளர்கூட வேண்டாம் என்றுவிட்டார்கள். கவர்னர் பதவிக்காலத்தை இரண்டு வருஷமாக வெட்டினார்கள், சம்பளத்தை வெட்டினார்கள், நீதிபதி நியமனத்தைப் பிடுங்கித் தேர்தலுக்கு விட்டார்கள். கட்டாயக் கல்வி போயிற்று, கறுப்பின, வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பள்ளி வந்தது. சட்டமன்றம் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கூடினால் போதும். முதல் 60 நாளைக்குத் தினம் 5 டாலர், அதற்கு மேல் இழுத்தால் 2 டாலர். சீக்கிரம் வீட்டுக்குப் போகட்டும் என்றுதான். இப்போதும் இரண்டு வருஷத்தில் 140 நாள்தான் கூட்டம், மாதச் சம்பளம் 600 டாலர். இரண்டு வருஷத்தில் 140 நாளுக்குப் பதிலாக 140 வருஷத்தில் இரண்டு நாள் கூடினால் இன்னும் நல்லது என்பது இந்த ஊர்ப் பழைய ஜோக்.

1876-ல் அமலுக்கு வந்த அந்தச் சட்டம்தான் இன்னும் நடக்கிறது. எல்லாவற்றையும் அதிலேயே எழுதிவைத்துவிட்டதால் எதைத் தொட்டாலும் திருத்தம், ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஜனங்களின் ஓட்டு. ஐந்நூறைத் தாண்டிவிட்டது. மாட்டுத்தோல் பரிசோதகர் என்ற பதவியைச் சட்டத்திலிருந்து நீக்க 2007-ல் டெக்சாஸ் முழுக்க ஓட்டுப் போட்டது.

அந்தக் கோபத்தில் வெளியேற்றப்பட்டவர்களையும் சொல்ல வேண்டும். மேத்யூ கெய்ன்ஸ் அடிமையாகப் பிறந்தவர், 1870-ல் மாநில செனட்டர் ஆனார். பள்ளிகளுக்காகவும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரி உருவாகவும் பேசியவர். இருதார வழக்கு ஒன்றில் தண்டித்தார்கள், மேல் கோர்ட்டில் அது ரத்தானது, மறுபடி தேர்தலில் ஜெயித்தார், அப்படியும் உட்கார விடவில்லை. அந்தக் கல்லூரியில் படிக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர். கெய்ன்ஸுக்கு அங்கே சிலை வைத்தது 2021-ல்.

வேடிக்கை என்னவென்றால், நீதிபதிகளைத் தேர்தலுக்கு விட்டது கறுப்பர்களின் கவர்னருக்குக் கடிவாளம் போட. 2018-ல் அதே ஹாரிஸ் கவுண்டியில், அதே தேர்தல் முறையில், 17 கறுப்பினப் பெண்கள் நீதிபதிகளாக ஜெயித்து வந்தார்கள். நீதிபதிக்குக் கட்சி கூடாது என்ற அப்பாவின் கட்சிதான் எனக்கும், இருந்தாலும் அந்த வருஷம் கொஞ்சம் தடுமாறிவிட்டேன்.

பலவீனமான கவர்னர் என்ற திட்டமும் வேறெங்கோ போய் முடிந்தது. 1970-களில் பதவிக்காலத்தை மறுபடி நான்கு வருஷமாக்கினார்கள். எத்தனை தடவை நிற்கலாம் என்பதற்கு மட்டும் வரம்பு வைக்கவே இல்லை. வாரியங்களுக்கும் கமிஷன்களுக்கும் ஆள் போடுவது கவர்னர்தான். நீண்ட நாள் உட்கார்ந்தால் எல்லா நாற்காலியிலும் அவர் ஆள். ரிக் பெர்ரி பதினான்கு வருஷம் இருந்தார். அவருக்குப் பின்னால் 2015-ல் வந்த கிரெக் அபாட் அதன்பிறகு இரண்டு தடவை மறுபடி ஜெயித்தார். டேவிஸ் இருந்தது நான்கு வருஷம், அதற்கே ஏணி போட்டு ஏறியவர்கள் எழுதிய சட்டம் இது.