காத்தாடி நிற்கக் கூடாது

புரட்டாசியில் எங்களுக்கு வேலை கிடையாது. முகூர்த்த நாளில் திருவந்திபுரம் போனால் ஒரு மாப்பிள்ளையை இடிக்காமல் நாலு அடி நடக்க முடியாது. புரட்டாசியில் அங்கே கூடும் கூட்டமெல்லாம் பெருமாளுக்கு, கல்யாணத்துக்கு இல்லை. கடலூரில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிற என் போன்றவர்கள் லென்ஸைத் துடைத்து வைத்துவிட்டு சும்மா உட்கார்ந்திருக்கும் மாதம் அது. 2024இல் அந்தச் சும்மா நேரத்தில்தான் மெரினா விமான சாகசம் வந்தது. அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. விமானப்படையின் 92ஆம் ஆண்டு விழாவுக்காக.

ரஃபேல், சுகோய், தேஜஸ் எல்லாம் வரும் என்று ஊரே பேசியது. நான் போனது அதற்கில்லை. டகோடாவும் ஹார்வர்டும் வருகின்றன என்று படித்ததால் போனேன். இரண்டும் இரண்டாம் உலகப்போர் காலத்து விமானங்கள். டகோடா ஆளும் சரக்கும் ஏற்றியது, ஹார்வர்ட் விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்தது. இவற்றைப் போர் விமானம் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். சாப்பாடும் சிப்பாயும் போய்ச் சேராமல் எந்தப் போர் நடந்திருக்கிறது?

ஜெட் விமானத்தைப் படமெடுக்கப் பெரிய வித்தை வேண்டாம். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/2000 வினாடியாக வைத்துக்கொண்டு விமானத்தின் பின்னாலேயே திரும்பினால் போதும், படம் ஷார்ப்பாக வந்துவிடும். அதே 1/2000இல் புரொப்பல்லர் விமானத்தை எடுத்துப் பாருங்கள். புரொப்பல்லரின் இலைகள் அசையாமல் நின்றுபோய், நடுவானில் என்ஜின் அணைந்த மாதிரி இருக்கும். என் கடையில் வேலை செய்யும் தம்பி இதை ‘காத்தாடி நின்னுபோச்சு’ என்பான். காத்தாடி சுற்றுவது தெரிய வேண்டுமானால் ஷட்டரை 1/160, 1/125 என்று இறக்க வேண்டும். கையிலோ தூரத்தை இழுத்துக் காட்டும் 600 எம்எம் லென்ஸ். அந்த வேகத்தில் மூச்சு விட்டாலே ஷேக் ஆகிவிடும். மெதுவாகப் பறக்கிற கிழட்டு விமானம் வேகமாகப் பறக்கிற புது விமானத்தைவிடப் படுத்தி எடுப்பது இதனால்தான்.

கணக்கு ரொம்ப எளிது. டகோடாவின் காத்தாடிக்கு மூன்று இலை. சாதாரணமாகப் பறக்கும்போது அது நிமிடத்துக்குச் சுமார் 1,150 சுற்று சுற்றும். ஷட்டர் 1/125 வினாடி திறந்திருந்தால் ஒவ்வொரு இலையும் ஏறக்குறைய 55 டிகிரி நகர்ந்திருக்கும். இலைக்கு இலை 120 டிகிரி இடைவெளி. அப்படியானால் வட்டத்தில் பாதி நிறைந்துவிடும். எனக்கு அது போதும். முழு வட்டம் வேண்டுமானால் 1/60க்கு இறங்க வேண்டும். அதற்குக் கையும் வேண்டும், கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேண்டும்.

கைக்குப் பயிற்சி வேண்டுமென்று முதலில் கடலூர் ஓ.டி. துறைமுகத்துக்குத்தான் போனேன். மீன் இறங்கும் நேரத்தில் அங்கே செம்பருந்துகள் தாழப் பறந்து வரும். ஆனால் அவை நினைத்த பக்கம் திரும்பிவிடுகின்றன, விமானம் அப்படிச் செய்யாது. சரி என்று பெரியகங்கணாங்குப்பத்தில் சாலையோரம் நின்று, புதுச்சேரி–கடலூர் தனியார் பஸ்களை 1/60இல் எடுத்தேன். சக்கரம் சுற்ற வேண்டும், பஸ்ஸின் பெயர் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். காத்தாடி சுற்ற வேண்டும், வால் எண் தெரிய வேண்டும் என்பதும் இதே கணக்குதான். அந்த ஓட்டுநர்கள் எனக்குக் காசு வாங்காமல் பாடம் நடத்தினார்கள். வேகத்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

மெரினாவில் நிகழ்ச்சி பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை. கல்யாணத்தில் அந்த நேரத்தில் யாரையும் வெளியே நிறுத்திப் படம் எடுக்க மாட்டேன். வெயில் உச்சியிலிருந்து இறங்குவதால் முகமெல்லாம் கறுத்துவிடும். விமானத்துக்கும் அதே கதைதான், இறக்கையின் அடிப்பக்கம் இருட்டு. அக்டோபரில் நம் ஊர் சூரியன் உச்சிவேளையில் கொஞ்சம் தெற்கே சாய்ந்திருக்கும். கலங்கரை விளக்கம் பக்கமாக, கூட்டத்தின் தெற்கு ஓரத்தில் நின்றால் வடக்கே பார்த்து எடுக்கலாம், வெளிச்சம் முதுகில் விழும். கடலுக்கு மேலே வானம் வெளுத்துக் கிடந்ததால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், ஏற்றி வைத்தேன். ஷட்டரை இறக்கினால் அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் துவாரம், எஃப் 11, எஃப் 13 என்று சுருங்கிவிடும். உடனே சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசியெல்லாம் வானத்தில் புள்ளி புள்ளியாக எழுந்து நிற்கும். அதனால் முதல் நாள் இரவே சென்சாரைச் சுத்தம் செய்துவிட்டேன். தாலி கட்டும்போது சத்தம் வராமலிருக்கப் போட்டு வைத்த சைலன்ட் ஷட்டரையும் எடுத்துவிட்டு மெக்கானிக்கலுக்கு மாற்றினேன்.

ஏன் மாற்றினேன் என்பதைத் தம்பியின் செல்போன் காட்டிக்கொடுத்தது. ‘அண்ணா, காத்தாடி றெக்கை வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிருக்குண்ணா’ என்று பதறினான். செல்போன் கேமரா ஒரு படத்தை ஒரேயடியாக எடுப்பதில்லை. வரி வரியாகப் படித்துக்கொண்டே போகும். மேல் வரியைப் படித்துவிட்டுக் கீழ் வரிக்கு வருவதற்குள் இலை நகர்ந்துவிடும். சைலன்ட் ஷட்டரும் பெரும்பாலான கேமராக்களில் இதே வேலையைத்தான் செய்யும்.

டகோடா வந்ததை முதலில் காதுதான் சொன்னது. ஜெட்டின் கிழிக்கிற சத்தம் இல்லை. வயலில் தண்ணீர் இறைக்கும் பழைய ஆயில் என்ஜின் மாதிரி ஒரு நிதானமான உறுமல். இரண்டு என்ஜின், ஒவ்வொன்றும் 14 சிலிண்டர், 1,200 குதிரைத்திறன். வாலில் விபி 905 என்ற எண். 1947 அக்டோபர் 27 அன்று சீக்கிய ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன் வீரர்களை ஸ்ரீநகருக்கு ஏற்றிப்போன டகோடாக்களில் ஒன்றின் எண் அது. இப்போது பறப்பது அதே விமானம் இல்லை. அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ராஜீவ் சந்திரசேகர் இங்கிலாந்தில் பழுது பார்க்க வைத்து விமானப்படைக்குக் கொடுத்தது, 2018இல் அங்கிருந்து பறந்தே வந்தது. பரசுராமா என்று பெயர். எண்ணைக் கடன் வாங்கியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பவர்கள்தானே நாம்.

மஞ்சள் ஹார்வர்ட் வேறு ரகம். அதில் காத்தாடி கியர் இல்லாமல் நேராக என்ஜினோடு பூட்டியிருக்கும். முழு வேகத்தில் இலையின் நுனி கிட்டத்தட்ட ஒலியின் வேகத்துக்குப் போய்விடும். அந்தக் கரகரப்பு அங்கிருந்துதான் வருகிறது. இரண்டே இலை என்றாலும் சுற்று அதிகம். அதனால் 1/160இலேயே அழகாக விரிந்துவிட்டது.

பத்துக்கு ஒன்று தேறினால் பெரிது என்றுதான் போனேன், அவ்வளவுதான் தேறியது. சுகோய் படங்கள் எல்லாம் ஷார்ப், ஆனால் மறுநாள் பேப்பரில் வந்த படங்களுக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அன்றைய வெயிலிலும் நெரிசலிலும் சிக்கியவர்களில் ஐந்து பேர் இறந்துபோனதை ஊர் திரும்பும் வழியில்தான் கேள்விப்பட்டோம். படங்களை ஒரு வாரம் திறக்கவே தோன்றவில்லை.

அப்புறம் ஐப்பசி பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டன. படத்தைப் பார்த்துவிட்டு ‘எங்கே பழகுவது’ என்று கேட்பவர்களுக்கு இப்போது சென்னைவரை போகும் வேலையில்லை. 2024 டிசம்பரிலிருந்து புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தில் இண்டிகோவின் ஏடிஆர் என்ற காத்தாடி விமானம் இறங்குகிறது. அதற்கு ஆறு இலை, இடைவெளி 60 டிகிரிதான். 1/125இல் வட்டம் ஏறக்குறைய நிறைந்துவிடும், கை நடுங்குபவர்கள் 1/250இல் தொடங்கலாம்.