தீவுத்திடலிலிருந்து பெரும்பாக்கம்: டி.சி.யும் ரேஷன் கார்டும் மாற்றிய அனுபவம்

2019 டிசம்பர் கடைசியில் சென்னை தீவுத்திடல் பக்கம் சத்தியவாணி முத்து நகரில் வீடுகளை இடிக்க ஆரம்பித்தார்கள். எங்களுக்கு அரசு ஒதுக்கியது பெரும்பாக்கத்தில் வீடு. 25 கிலோமீட்டருக்கு மேல் தூரம், அதுவும் படிப்பாண்டின் நடுவில். ஒதுக்கீட்டு ஆணை ஒன்று கையில் இருந்தது, மற்ற எல்லா ஆவணமும் பழைய முகவரியில்.

முதல் பிரச்சினை பள்ளிக்கூடம். மகன் அப்போது ஏழாவது. அரையாண்டு லீவு முடிந்து இங்கே சேர்க்கப் போனால் டி.சி. இல்லாமல் முடியாது, ஜூனில் வாங்க என்றார்கள். பழைய பள்ளிக்குப் போனால் தலைமையாசிரியர் இல்லை, நாளைக்கு வாங்க. ஒவ்வொரு தடவையும் பஸ் செலவு, அன்றைய கூலியும் போச்சு. அப்புறம் எங்கள் பிளாக்கில் ஒரு அக்காதான் சொன்னார்: 2009 கல்வி உரிமைச் சட்டம் 5ஆம் பிரிவின்படி, எட்டாவது வரைக்கும் டி.சி. வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. அதையே மனுவாக எழுதி, நகலில் கையெழுத்தும் தேதியும் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டேன். டீச்சர் அந்த வரியில் விரலை வைத்து இரண்டு முறை படித்துவிட்டு உள்ளே போனார். அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்து ஆதார், அதற்கப்புறம் ரேஷன் கார்டு. இந்த வரிசையில் போனால் அலைச்சல் குறையும். ஒதுக்கீட்டு ஆணையைக் காட்டி ஆதாரில் முகவரி மாற்றினேன், அதை வைத்து இ-சேவை மையத்தில் கார்டுக்குப் பதிவு செய்தேன். மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. ஏப்ரலில் அரிசி கார்டுக்கு அரசு 1,000 ரூபாய் கொடுத்தது. கார்டு மாறாதவர்களுக்குப் பெயர் பழைய கடையில், போக பஸ்ஸும் இல்லை. எதிர் வீட்டம்மா அரிசிக்கு அழுதது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எந்த ரேஷன் கடையிலும் வாங்கலாம் என்ற வசதி அந்த அக்டோபரில்தான் வந்தது.

வீடு கிடைத்ததே என்பார்கள். குழாய், கழிப்பறை எல்லாம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என் கணவருக்குப் பாரிமுனையில் மூட்டை தூக்கும் வேலை, விடியற்காலையிலேயே ஆள் எடுத்துவிடுவார்கள். இங்கிருந்து முதல் பஸ் பிடித்துப் போனாலும் வேலை கிடைக்காது. நான் சமைத்த வீடுகள் சிந்தாதிரிப்பேட்டையில், நடந்தே போய் வருவேன். எல்லாம் ஒரே மாதத்தில் போனது. எழுபதுகளில் நொச்சிக்குப்பத்து மீனவர்களுக்கு இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுக்க முடிந்ததே, எங்களுக்கு ஏன் முடியாது? நகரத்துக்கு உழைக்கிறவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் ஆயிரக்கணக்கில் குவிப்பது அநியாயம்.

உங்கள் பகுதிக்கு வீடுகளைக் கணக்கெடுக்க வந்தால், அப்போது தரும் டோக்கனைப் பத்திரமாக வையுங்கள். படிப்பாண்டு முடியும்வரை அவகாசம் கேட்டு எல்லாரும் சேர்ந்தே மனு கொடுங்கள், பிள்ளைகளின் டி.சி.யை சாமான் ஏற்ற லாரி வருவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.