எட்டு போதும்

புது லேப்டாப் வந்து ஐந்து நாள் ஆகிறது. அதில் முதல் மூன்று நாள், லேப்டாப் எனக்கு வேலை செய்யவில்லை. நான்தான் அதற்கு வேலை செய்துகொண்டிருந்தேன்.

நான் பிழை திருத்துபவள். இந்த இடத்தில் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துப் பார்த்தே இருபது ஆண்டுகளை ஓட்டியாகிவிட்டது. இதுவரை மேசைக் கணினியில்தான் வேலை. முதுகுவலி வந்த பிறகு, இடம் மாற்றி மாற்றி உட்கார வசதியாக இருக்கும், லேப்டாப் வாங்கிக்கொள் என்றான் மகன். வாங்கினேன். திங்கட்கிழமை மாலை பெட்டியைப் பிரித்து, மொழி, நேரம் எல்லாம் தேர்ந்தெடுத்து, வைஃபை கேட்ட இடத்தில் வீட்டு இணைப்பின் பெயரைத் தொட்டுப் பாஸ்வேர்டு கொடுத்தேன். ஏற்றுக்கொண்டது. சிக்னல் முழுசாக இருந்தது. கீழே மட்டும் சின்ன எழுத்தில் ஒரு வரி: 'இணையம் இல்லை, பாதுகாப்பானது.'

இல்லாத இணையத்துக்கு எதற்குப் பாதுகாப்பு?

விண்டோஸை அமைத்து முடிக்கவே இணையம் வேண்டும் என்று அது அடம் பிடித்ததால், போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தேன். உடனே ஒட்டிக்கொண்டது, எல்லாம் இறங்கியது. அப்படியானால் லேப்டாப்பில் இருக்கும் வைஃபை கருவிக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அதே அறையில் என் பழைய கணினி வீட்டு வைஃபையில் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் ரவுட்டருக்கும் குறை இல்லை. இரண்டு பேரும் நல்லவர்கள், சேர்த்து வைத்தால் மட்டும் பேச்சு வார்த்தை இல்லை. சில குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

பழைய கணினியில் வருகிறது, புதியதில் வரவில்லை என்றால் யாராக இருந்தாலும் புதியதைத்தானே சந்தேகிப்போம்? நானும் அன்று இரவு முழுக்க அதைத்தான் குடைந்தேன். இணைப்பை மறக்கச் சொல்லி, திரும்ப நினைவூட்டினேன். வைஃபை கருவியை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதுப்பித்தேன். இணையம் வருவதற்கான டிரைவரை இறக்க இணையம் வேண்டும் என்பதால், அதற்கும் போன்தான். பேட்டரியை மிச்சம் பிடிக்க வைஃபையை அணைத்துவிடும் அமைப்பு ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு அதையும் எடுத்துவிட்டேன். கடைசியில், வேண்டாம் வேண்டாம் என்று மனசு சொல்லச் சொல்ல, 'நெட்வொர்க் ரீசெட்' கொடுத்தேன். சேமித்திருந்த ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டும் போனதுதான் மிச்சம்.

அலைவரிசையும் மாற்றிப் பார்த்தேன். எங்கள் ரவுட்டர் இரண்டு பெயர்களில் வைஃபை தருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவர் குறுக்கே வந்தால் சோர்ந்துவிடும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் ரவுட்டருக்குக் கீழேயே தரையில் உட்கார்ந்து இரண்டிலும் இணைத்தேன். இரண்டிலும் அதே வரி. இப்போது யோசித்தால் அது ஒரு துப்பு. சிக்னல்தான் பிரச்சினை என்றால் அங்கே சரியாகியிருக்க வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தரையில் உட்கார்ந்திருப்பவளுக்கு அந்தப் புத்தி வரவில்லை.

செவ்வாய் காலை மகனுக்குப் போன் செய்தேன். வெளியூரில் படிக்கிறான்.

"அம்மா, ரவுட்டரை ஆஃப் பண்ணிட்டு அரை நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணு."

"அவ்வளவுதானா?"

"பண்ணிட்டுச் சொல்லும்மா."

பண்ணினேன். லேப்டாப்பில் இணையம் வந்துவிட்டது. முந்தின இரவின் ஆறு மணி நேர உழைப்பை நினைத்து அழுகை வந்தது, ஆனாலும் வேலை முடிந்த திருப்தி. பகல் முழுக்க அதில் ஒரு பிரதியைத் திருத்தினேன்.

இரவு வீட்டுக்காரர் டிவியைப் போட்டார். "ஏம்மா, இதுல ஒண்ணும் வரலையே. என்ன நோண்டின?"

நான் டிவியைத் தொடக்கூட இல்லை. அவரும் மகனிடம் கற்ற வித்தையைக் காட்டினார்: ரவுட்டரை அணைத்துப் போட்டார். டிவி வந்தது. "பார்த்தியா?" என்றார். புதன் காலை லேப்டாப்பைத் திறந்தேன். 'இணையம் இல்லை, பாதுகாப்பானது.' மறுபடியும் ரவுட்டரை அணைத்தேன், போட்டேன். லேப்டாப் வந்தது. பதினோரு மணிக்கு அத்தை தன் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்தார். "இதுல சுத்திக்கிட்டே இருக்கும்மா."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று பிழைக்கிறது, ஏதோ ஒன்று விழுகிறது. மியூசிக்கல் சேர் ஆட்டத்தில் பாட்டு நின்றதும் ஓர் ஆள் நின்றுகொண்டிருப்பாரே, அது மாதிரி. ஒரு தாளை எடுத்து வீட்டில் வைஃபை பிடிக்கிற பொருள்களை எல்லாம் எழுதினேன். என் போன், அவர் போன், அத்தை போன், அத்தையின் டேப்லெட், அவருடைய ஆபீஸ் லேப்டாப், டிவி, பிரிண்டர், வாசல் கேமரா, என் பழைய கணினி, இந்தப் புது லேப்டாப். மொத்தம் பத்து. எது வருகிறது, எது வரவில்லை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக் குறி போட்டேன். ஒன்பது வருகிறது, ஒன்று இல்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டுத் திரும்பப் பார்த்தேன். விழுந்தது வேறு பொருள். ஆனால் ஒன்பதுக்கு ஒன்று என்ற கணக்கு மாறவில்லை.

இதற்குப் பிறகு எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன்: ஒப்பு நோக்குதல். மூலத்தையும் படியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்ப்பது. லேப்டாப் மறுபடி விழுந்திருந்த ஒரு சமயத்தில், இரண்டு கணினியிலும் கட்டளை அடிக்கும் திரையான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஐபிகான்ஃபிக் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு ஆல் என்று சேர்த்தேன். நீளமாகக் கொட்டியது. வைஃபை என்ற தலைப்புக்குக் கீழே உள்ளதை மட்டும் பார்த்தால் போதும்.

பழைய கணினியின் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதற்குரிய எண், 192.168.1.50. புதியதில் 169.254 என்று தொடங்கும் ஏதோ ஓர் எண்.

இந்த 169.254 என்ன என்று மகனிடம் கேட்டேன். "ஐயோ, இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்றான். எனக்கு எப்படித் தெரியும்? அவன் சொன்னதையும் அப்புறம் நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். வைஃபையில் பாஸ்வேர்டு சரியாக இருந்தால் உள்ளே விட்டுவிடுவார்கள். 'இணைந்தது' என்று காட்டுவது அதைத்தான். அதற்கு அடுத்த படி தனி. உள்ளே வந்த கருவி, "எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்" என்று கூவ வேண்டும். டிஎச்சிபி என்பது அதற்கான முறை. கருவி கூவும், ரவுட்டர் ஓர் எண்ணைக் காட்டும், கருவி அதையே கேட்கும், ரவுட்டர் சரி என்னும். நான்கு பேச்சில் முடிகிற பேரம். பதிலே வராவிட்டால் விண்டோஸ் தானே 169.254 வரிசையில் ஓர் எண்ணை ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் 98 காலத்திலிருந்தே இந்தப் பழக்கம். அந்த எண்ணோடு வெளி உலகத்துக்குப் போக முடியாது. கல்யாண வீட்டில் வாசலில் வரவேற்று உள்ளே அனுப்பிவிட்டார்கள், பந்தியில் மட்டும் இலை இல்லை. என் லேப்டாப்பின் நிலை அதுதான்.

கேட்டுப் பார்க்க ஒரு கட்டளையும் இருக்கிறது: ஐபிகான்ஃபிக், சாய்கோடு, ரென்யூ. அடித்தேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, டிஎச்சிபி சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று கையை விரித்தது.

மகன் இன்னொரு சோதனையும் சொன்னான். இது எல்லோருக்கும் உதவும். முதலில் ரவுட்டரின் முகவரிக்கு, எங்கள் வீட்டில் 192.168.1.1, பிங் கொடுக்க வேண்டும், அதாவது 'இருக்கிறாயா?' என்று குரல் கொடுத்துப் பார்க்க வேண்டும். பதில் வராவிட்டால் சிக்கல் வீட்டுக்குள்ளேயே, கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவில். வந்தால் அடுத்து 8.8.8.8 என்ற எண்ணுக்கு. அது கூகுள் நடத்தும் பொது டிஎன்எஸ் சர்வர். தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தருவதுதான் டிஎன்எஸ். அங்கிருந்து பதில் வராவிட்டால் பெரும்பாலும் ரவுட்டருக்கு வெளியே கோளாறு, இணைப்பு தருபவரைக் கூப்பிடலாம். அதுவும் வந்து, பெயர் அடித்தால் மட்டும் தளம் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ்ஸைப் பார்க்க வேண்டும். எனக்கு முதல் படியிலேயே மௌனம்.

"சரி, முகவரியைக் கையால கொடுத்துப் பாரு. கடைசி நம்பர் மட்டும் 51 போடு. மாஸ்க் 255.255.255.0, கேட்வேல ரவுட்டர் நம்பர், டிஎன்எஸ்லயும் அதையே போடு."

போட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் இணையம் வந்தது. டேப்லெட்டும் ஓடியது, டிவியும் ஓடியது. பத்தும் ஓடின.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பழைய கணினியின் பட்டியலில் இன்னொரு வரி என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. புதியதில் டிஎச்சிபி என்ற இடத்தில் 'ஆம்' என்று இருந்தது, பழையதில் 'இல்லை'. அதாவது பழைய கணினி ரவுட்டரிடம் முகவரி கேட்பதே கிடையாது. யாரோ கையால் 50 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இத்தனை வருடமாக அது தன் சொந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. வரிசையில் நிற்காத ஆளைக் காட்டி, வரிசை ஒழுங்காகத்தான் நகர்கிறது என்று மூன்று நாளாக நான் நம்பியிருக்கிறேன்!

யாரோ என்று எழுதிவிட்டேன். இந்த வீட்டில் அந்தக் கணினியைத் தொடும் ஆள் ஒருத்திதான்.

பிரவுசரில் 192.168.1.1 அடித்து ரவுட்டருக்குள் போனேன். டிஎச்சிபி பக்கத்தில் தொடக்க முகவரி 100, முடிவு முகவரி 107, ஒருமுறை கொடுத்த முகவரி ஏழு நாள் அந்தக் கருவிக்கே சொந்தம். 100 முதல் 107 வரை எண்ணினால் எட்டு. ஒரு வீட்டு நெட்வொர்க்கில் 254 முகவரிகளுக்கு இடம் இருக்கிறது. எங்கள் ரவுட்டர் எட்டை மட்டும் வைத்துக்கொண்டு பத்தில் ஒன்பது பேரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

கீழே யார் யாருக்குக் கொடுத்திருக்கிறது என்ற அட்டவணையும் இருந்தது. எட்டு வரிகள். பிரிண்டர், கேமராவின் பெயர்கள் புரிந்தன. போன்களைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை, அதாவது தயாரிக்கும்போதே கருவிக்குக் கொடுக்கும் அடையாள எண்ணை, காட்டாமல், ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் எண்ணைக் கொடுக்கின்றன. பெட்டியில் அச்சிட்ட எண்ணோடு ஒப்பிட்டால் பொருந்தாது. போனுக்குள் அந்த வைஃபையின் விவரத்தைத் திறந்து பார்த்துத்தான் அடையாளம் கண்டேன். எல்லாம் நம் வீட்டு ஆட்கள்தான், வெளி ஆள் யாரும் இல்லை.

வெளி ஆள் என்றதும் நினைவு வந்துவிட்டது. ரவுட்டர் வந்த புதிதில், அக்கம்பக்கத்தில் யாரோ நம் வைஃபையைத் திருடுகிறார்கள் என்று எனக்கு ஒரு பயம் பிடித்திருந்தது. வீட்டில் எத்தனை கருவியோ அத்தனை முகவரி மட்டும் வைத்தால் மற்றவர் நுழைய முடியாது என்று எங்கோ படித்தேன். அது பாதுகாப்பே இல்லை. பாஸ்வேர்டு தெரிந்தவன் நான் இப்போது செய்ததைப் போலவே கையால் ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்காரலாம். அப்போது வீட்டில் ரவுட்டரிடம் முகவரி கேட்கும் கருவிகள் ஐந்தே. கேமராவும் ஆபீஸ் லேப்டாப்பும் டேப்லெட்டும் பின்னால் வந்தவை.

107ஐ 199 ஆக்கிச் சேமித்தேன். 50 அந்த வரிசைக்கு வெளியே இருப்பதால் பழைய கணினியோடு மோதாது. லேப்டாப்பில் கையால் போட்டதை எடுத்துவிட்டு மறுபடி தானாகக் கேட்கச் சொன்னேன். 108 கிடைத்தது.

இரவு மகனிடம் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன், சத்தமே இல்லை.

"அப்போ லீவுக்கு வர்றப்பல்லாம் நம்ம வீட்டு வைஃபை என் போன்ல வராதே..."

"ம்."

"ரவுட்டர் பழசாயிடுச்சுடா, உன் டேட்டாவையே போட்டுக்கோன்னு சொன்னியே..."

"ம்."

வீட்டுக் கணக்கு எழுதும் பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் ரவுட்டர் விவரங்களை எழுதி வைத்திருந்தேன். தேடி எடுத்தேன். பாஸ்வேர்டு, உள்ளே போகும் முகவரி, பழைய கணினிக்கு 50. அதற்குக் கீழே, என் கையெழுத்தில், அடிக்கோடு வேறு போட்டு: 'முகவரி 100–107. எட்டு போதும்.'

சிவப்புப் பேனாவை எடுத்து, கடைசி இரண்டு சொற்களின் மேல் நீக்கல் குறி போட்டு, ஓரத்தில் தேதி எழுதினேன்.