ஓஎம்ஆரில் இன்டர்ன்ஷிப்பா? கிண்டி வரை சரி, அதற்கப்புறம்?

ஆஃபர் லெட்டரில் "பெருங்குடி, சென்னை" என்று போட்டிருக்கும். மேப்பில் தேடினால் பெருங்குடி ரயில் நிலையம் வரும். "பறக்கும் ரயிலில் (மேம்பாலத் தடத்தில் ஓடும் நகர ரயில்) போய் இறங்கினால் முடிந்தது" என்று கிளம்புபவர்கள் ஒவ்வொரு பேட்ச்சிலும் உண்டு. அந்த நிலையம் இருப்பது தரமணிக்கும் வேளச்சேரிக்கும் நடுவில். ஐ.டி. கம்பெனிகள் வரிசையாக நிற்பதோ கிழக்கே, ஓஎம்ஆர் எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலையில். இடையில் இரண்டு மூன்று கிலோமீட்டர். ஒன்பதரை மணிக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டிய முதல் நாளில் அந்தத் தூரம் அரை மணி நேரத்தைச் சாப்பிட்டுவிடும். டைடல் பார்க்கிலும் இதே குழப்பம்: முகவரியில் தரமணி என்று இருக்கும், ஆனால் இறங்க வேண்டியது திருவான்மியூர் நிலையத்தில்.

அதனால் ஹெச்.ஆரிடம் ஏரியா பெயரைக் கேட்டு விட்டுவிடாதீர்கள். கட்டடத்தின் பெயர், எந்த கேட், பக்கத்துப் பஸ் ஸ்டாப் எது என்ற மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஓஎம்ஆரில் வழி சொல்வதே ஸ்டாப் பெயரை வைத்துத்தான்: டைடல் பார்க், எஸ்.ஆர்.பி. டூல்ஸ், கந்தன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி. ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கினால் திரும்பி நடப்பது மட்டுமல்ல, அகலமான சாலையைக் கடக்க நடைமேம்பாலத்தையோ சிக்னலையோ தேடிப் போக வேண்டியிருக்கும். மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சிறுசேரி தடம் இந்தச் சாலையில்தான் வருகிறது. தூண் வேலைக்காகத் தடுப்பு வைத்த இடங்களில் பஸ் ஸ்டாப்பே கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். மேப் காட்டும் புள்ளியை அப்படியே நம்பாதீர்கள்.

பாதையை முடிவு செய்யும்போது கிலோமீட்டரைப் பார்ப்பதைவிட எத்தனை முறை மாற வேண்டும் என்று பாருங்கள். ரயில் ஏறக்குறைய சொன்ன நேரத்துக்கு வந்துவிடும். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. நேரம் கையை விட்டுப் போவது ஒவ்வொரு மாற்றத்திலும்தான்: படி ஏறி இறங்குவது, ஸ்டாப்புக்கு நடப்பது, பஸ்ஸுக்குக் காத்திருப்பது, வந்த பஸ்ஸில் ஏற முடியாமல் அடுத்ததற்கு நிற்பது. ஒரு மாற்றத்துக்குக் குறைந்தது கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

தாம்பரத்தில் தங்கி எஸ்.ஆர்.பி. டூல்ஸ் பக்கம் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனுக்கு நடக்க 10 நிமிடம், பிளாட்பாரத்தில் 10, ரயிலில் 30, கிண்டியில் பஸ் பிடிக்க 15, வேளச்சேரி வழியாக 570 வரிசை பஸ்ஸில் நெரிசல் நேரத்தில் 45, இறங்கி நடக்க 10, கேட்டிலிருந்து சீட் வரை 15. மொத்தம் 135 நிமிடம். ஒன்பதரைக்கு உள்ளே இருக்க வேண்டுமானால் ஏழேகாலுக்கு வீட்டை விட்டு இறங்க வேண்டும். கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக வரும் 95-இல் மாற்றமே கிடையாது. பஸ் மெதுவாகத்தான் போகும். ஆனால் புறப்படும் இடத்திலேயே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். காரப்பாக்கமோ துரைப்பாக்கமோ போகிறவர்களுக்கு இதுதான் மேல். சிறுசேரி சிப்காட் என்றால் 570எஸ்.

இரண்டு மாத இன்டர்ன்ஷிப்புக்காக வெளியூரிலிருந்து வந்து அறை தேடுபவர்கள் ஆபீஸ் பக்கத்திலேயே தேடிக் கூடுதல் வாடகை கொடுக்கத் தேவையில்லை. டைடல், தரமணி பக்கம் வேலை என்றால் மயிலாப்பூர், மந்தைவெளி போல பறக்கும் ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் எங்கே கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே வண்டி, மாற்றமில்லை. சோழிங்கநல்லூரைத் தாண்டி வேலை என்றால் இந்தக் கணக்கு செல்லாது, அந்தப் பக்கமே தங்குங்கள்.

டிக்கெட் விஷயம். புறநகர் ரயிலில் சாதாரண வகுப்புக்குக் குறைந்தபட்சம் 5 ரூபாய்தான். தினமும் போகிறவர்கள் மாத சீசன் டிக்கெட் எடுத்துவிடுங்கள், கவுன்டர் வரிசை மிச்சம். மாணவர் சலுகை சீசன் வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையில்தான். இன்டர்ன்ஷிப் பாதைக்கு அதைக் காட்டினால் டிக்கெட் பரிசோதகர் ஒப்புக்கொள்ள மாட்டார். மொபைலில் எடுப்பவர்கள் ஸ்டேஷனுக்குள் நுழையும் முன்பே எடுத்துவிட வேண்டும். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு முயன்றால் ஜி.பி.எஸ். தடுத்துவிடும், வாசலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்வதுதான் அப்போது வழி. சாதாரண டிக்கெட்டோடு அவசரத்தில் முதல் வகுப்பில் ஏறிவிடுவது புதியவர்களுக்கு அடிக்கடி நடப்பது. அபராதம் குறைந்தது 250 ரூபாய், கட்டண வித்தியாசம் தனி. பெட்டிக்கு வெளியே எழுதியிருப்பதைப் பார்த்து ஏறுங்கள். செங்கல்பட்டு தடத்தில் 2025 ஏப்ரல் முதல் ஏ.சி. வண்டியும் ஓடுகிறது. அதற்குக் குறைந்தபட்சமே 35 ரூபாய், சாதாரண சீசன் அதில் செல்லாது.

மெட்ரோவும் மாறி ஏறுகிறவர்கள் சிங்காரச் சென்னை அட்டை வாங்கிக்கொள்ளலாம். 2025 ஜனவரி முதல் மாநகரப் பேருந்திலும் அது செல்லும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பயணம் இலவசம். முன்பக்கம் இளஞ்சிவப்பு அடித்திருப்பதை வைத்து அடையாளம் தெரியும். ஆனால் காலை நேரத்தில் அதற்காக இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நிற்பது வீண்.

தாம்பரத்தில் ஏறுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டி நிரம்பித்தான் வரும். தாம்பரத்திலேயே புறப்படும் வண்டி ஐந்து நிமிடம் பிந்தினாலும் அதில் ஏறுங்கள். கிண்டியில் பாதி வண்டி இறங்கும். அதனால் நடுவில் மாட்டிக்கொண்டாலும் பயமில்லை, பரங்கிமலை தாண்டியதும் வாசல் பக்கம் நகர்ந்தால் போதும். முதுகுப் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். ஃபுட்போர்டு வேண்டவே வேண்டாம். தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பதும் அப்படித்தான், ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவில் அதற்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு.

கேட்டை யாரும் கணக்கில் வைப்பதில்லை. பெரிய ஐ.டி. பூங்காக்களில் முதல் நாள் உங்களிடம் அடையாள அட்டை இருக்காது. விசிட்டர் பாஸுக்கு வரிசையில் நிற்க வேண்டும், ஆதார் காட்ட வேண்டும், சில இடங்களில் லேப்டாப்பின் சீரியல் நம்பரை எழுதிக்கொடுக்க வேண்டும், உள்ளே இருப்பவர் போனில் சரி சொல்ல வேண்டும். அவர் மீட்டிங்கில் இருந்தால் நீங்கள் வரவேற்பறையில் இருப்பீர்கள். சீரியல் நம்பரை முந்தின நாளே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மெண்டரோடு (கம்பெனியில் உங்களை வழிநடத்துபவர்) இன்னொருவர் நம்பரையும் வாங்கிவையுங்கள். கல்லூரிக்கு அனுப்பும் ஓ.டி. (ஆன் டியூட்டி) அட்டெண்டன்ஸ் பல கம்பெனிகளில் கேட்டில் பதிவான நேரத்தை வைத்துத்தான் போகிறது.

ஒத்திகை பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை போகிறார்கள். அன்று ரயில் அட்டவணையே வேறு, ஓஎம்ஆரும் காலியாக இருக்கும், ஒன்றும் தெரியாது. வேலை நாளில் போங்கள், முடிந்தால் மாலை ஆறரைக்குத் திரும்பிப் பாருங்கள். சாயங்காலம்தான் சோதனை. ஐந்தரைக்குக் கிளம்பினால் கிடைக்கும் பஸ்ஸுக்கும் ஆறரைக்குக் கிடைக்கும் பஸ்ஸுக்கும் அவ்வளவு வித்தியாசம். அந்த நேரத்தில் எஸ்.ஆர்.பி. டூல்ஸிலிருந்து திருவான்மியூர் வரை ஷேர் ஆட்டோ பிடித்து அங்கிருந்து பறக்கும் ரயில் ஏறுவது, மயிலாப்பூர், கடற்கரைப் பக்கம் போகிறவர்களுக்கு லாபம். ஷேர் ஆட்டோவில் ஏறும் முன்பே எங்கே வரை, எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். பத்து ரூபாய்ச் சில்லறை கையில் இருக்கட்டும். இன்டர்ன்ஷிப் டைரியை உட்கார இடம் கிடைத்த அன்றைக்கே எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் கடைசி வாரம் மொத்தமாகக் கற்பனை செய்யத்தான் நேரிடும்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வருகிறவர்களுக்கு மழைக்கென்று இன்னொரு பாதை வேண்டும். பெரிய மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் தண்ணீர் நிற்கும், அந்த வழியே வரும் பஸ்கள் சுற்றிப் போகும் அல்லது நின்றுவிடும். பறக்கும் ரயில் பெரும்பகுதி மேலே ஓடுவதால் தாக்குப்பிடிக்கும், ஆனால் நிலையத்துக்குக் கீழே முழங்கால் தண்ணீர் இருக்கலாம். எட்டு மணிக்குள் மெண்டருக்கு மெசேஜ் போட்டு வீட்டிலிருந்தே செய்யலாமா என்று கேளுங்கள். பாதி வழியில் நின்றுகொண்டு கேட்டால் அன்றைய வருகை பெரும்பாலும் விடுப்பாகத்தான் பதிவாகும்.