உப்பனாற்றில் கழிவு எப்படிப் பரவுகிறது?

கடலூர் முதுநகர்ப் பக்கம் உப்பனாற்றில் தண்ணீர் மாதிரி எடுக்கும்போது, கரையில் நிற்பவர்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: “மேலே கழிவு கலந்தா இங்க எப்ப சார் வரும்?” தூரத்தை ஆற்றின் வேகத்தால் வகுத்து ஒரு நேரம் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கழிவு எப்போது முழுதாக வெளியேறும் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. எனக்குப் பெரிய கவலை அதுதான்.

அசையாத தண்ணீரில் கரைந்த உப்பு, மூலக்கூறுகளின் அசைவால் மட்டும் ஒரு மீட்டர் பரவ ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆற்றில் கழிவைப் பரப்புவது வேக வித்தியாசம். நடுவில் தண்ணீர் விரைந்து ஓடும். கரையோரத்திலும் அடியிலும் தயங்கித் தயங்கிப் போகும். ஒன்றாக விழுந்த கழிவில் பாதி முன்னே ஓட, மீதி பின்தங்க, எல்லாம் நீண்டுபோகிறது. குழாயில் இது எப்படி நடக்கிறது என்று பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் 1953இல் கணக்கிட்டுக் காட்டினார்.

ஈரநிலத்தில் செடிகளும் சேர்ந்துகொள்கின்றன. சேற்றிலிருந்து மேலே நீட்டி நிற்கும் அலையாத்தி மரத்தின் மூச்சுவேர் ஒவ்வொன்றின் பின்னாலும் தண்ணீர் கொஞ்சம் தேங்கி நிற்கும். அதில் புகுந்த கழிவு, நடு ஆறு தெளிந்த பிறகும் மெல்ல மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும்.

அப்புறம் கடல் ஓதம். நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறி இறங்குவதால், கழிவு கலந்த இடத்துக்கு மேலேயும் அது போய்ச் சேரும். சோனங்குப்பத்து மீனவர் ஒருவர் சொன்னார்: “தண்ணி வத்தும்போது ஓரத்துல எடுங்க தம்பி, உள்ள நின்னதெல்லாம் அப்பதான் வெளிய வரும்.” டெய்லரின் கணக்கைப் படித்த எனக்கு அந்த ஒரு வரி பெரிய பாடம்.

ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் நுண்ணிய களிமண்ணில் ஒட்டிச் சேற்றில் படிந்துவிடும். தண்ணீர் மாதிரியில் அவை குறைவாகத்தான் தெரியும். வடகிழக்குப் பருவமழை வெள்ளம் சேற்றைக் கிளறும்போது மறுபடி கிளம்பும்.

அதனால் நடு ஆற்றில் ஒரு வேளை எடுத்த ஒரு பாட்டில் தண்ணீரை வைத்து ‘வரம்புக்குள் உள்ளது’ என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓதம் ஏறி இறங்கும் ஒரு முழுச் சுற்றுக்கும், சுமார் பன்னிரண்டரை மணி நேரம், மாதிரி எடுக்க வேண்டும். வேர்களுக்கு நடுவிலும் எடுக்க வேண்டும். கூடவே சேறும்.