கோணிச் சாக்குக்குள் ஒரு ஃப்யூரி

சோளிங்கர் பக்கம் ஒரு கிராமத்தில் அந்த வண்டி நிற்கிறது என்று எனக்குச் சொன்னவர் புரோக்கர் இல்லை. எங்கள் அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவர். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வெளியே வந்தவர் என் ராஜ்தூத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எங்க பெரியப்பா வீட்லயும் ஒண்ணு கெடக்குது சார். என்ஃபீல்டுன்னு போட்டிருக்கும், ஆனா புல்லட் இல்ல" என்றார்.

புல்லட் இல்லாத என்ஃபீல்டு! ஒருவேளை எண்பதுகளில் வந்த ஃப்யூரியோ? அன்றைக்கு முழுக்க எனக்கு அச்சு மெஷினில் கவனமே இல்லை. நூறு பத்திரிகையில் சிவப்பு மை ஒரு நூல் மேலே ஏறி, மாப்பிள்ளை பெயருக்கு இரட்டைக் கோடு விழுந்துவிட்டது. என் கைக்காசில் திரும்ப அடித்துக் கொடுத்தேன்.

பழைய வண்டி தேடுகிற பைத்தியம் எனக்குப் பதினைந்து வருடமாக உண்டு. ஆரம்பத்தில் போனில் வரும் விளம்பரங்களைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது அதைப் பொழுதுபோக்குக்காகப் பார்ப்பதோடு சரி. யமஹா ஆர்எக்ஸ் 100 விற்பவர்கள் எல்லோரிடமும் இருப்பது "ஜப்பான் இன்ஜின்". 1985-இல் அந்த வண்டி வந்தபோது முதல் கொஞ்ச வண்டிகளைத்தான் ஜப்பானிலிருந்து வந்த பாகங்களை வைத்துப் பூட்டினார்கள். அந்தக் கொஞ்சம் எப்படியோ குட்டி போட்டுக் குட்டி போட்டு இன்றைக்கு ஊருக்கு நாலு என்று நிற்கிறது. ராஜ்தூத் 350-உம் அப்படித்தான். ஹை டார்க் (அதிக முறுக்குவிசை), லோ டார்க் (குறைந்த முறுக்குவிசை) என்று இரண்டு விதமாக வந்த வண்டி அது. விற்பனைக்கு வருவது ஹை டார்க் மட்டுமே. லோ டார்க் வண்டிகளை எல்லாம் யார் வாங்கி எங்கே புதைத்தார்களோ தெரியாது.

நிஜமான வண்டி விளம்பரத்தில் இருக்காது. தன் வீட்டில் இருப்பது விற்கிற பொருள் என்றே அதன் சொந்தக்காரருக்குத் தெரிந்திருக்காது. அதனால் நான் வண்டியைத் தேடுவதை விட்டுவிட்டு ஆட்களைத் தேட ஆரம்பித்தேன். பழைய இன்ஜினில் பொறி விடுகிற பாயிண்டை செட் பண்ணத் தெரிந்த மெக்கானிக், ஓய்வுபெற்ற வாத்தியார், பால்காரர், பழைய இரும்புக்கடைக்காரர். என் ராஜ்தூத் 175 ஒரு பால்காரரிடமிருந்து வந்ததுதான். போலந்து நாட்டு வண்டி ஒன்றை வைத்து எஸ்கார்ட்ஸ் தயாரித்த மாடல் அது. இருபது வருடம் கேன் தொங்கவிட்டு ஓட்டியதில் பின் மட்கார்டு உள்வாங்கியிருந்தது. அந்த வளைவை நான் தட்டி எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன்.

சரி, ஃப்யூரிக்கு வருவோம்.

எண்பதுகளில் என்ஃபீல்டு கம்பெனி ஜெர்மனியின் சூண்டாப்போடு கூட்டுச் சேர்ந்து சில டூ ஸ்ட்ரோக் வண்டிகளை விட்டது. எக்ஸ்புளோரர், சில்வர் ப்ளஸ் இரண்டும் ஐம்பது சிசி குட்டி வண்டிகள். பெரியது ஃப்யூரி 175. பெயரில் 175 இருந்தாலும் இன்ஜின் 163 சிசிதான். ஐந்து கியர், முன் சக்கரத்தில் பிரெம்போ டிஸ்க் பிரேக். மற்ற வண்டிகள் எல்லாம் டிரம் பிரேக்கில் தேய்த்துக்கொண்டு நின்ற காலத்தில் இது! அந்த சூண்டாப் கம்பெனியே 1984-இல் திவாலாகிவிட்டது. இங்கேயும் ஃப்யூரி அதிகம் விற்கவில்லை. அதனால்தான் இப்போது கண்ணில் படுவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். மாட்டுக்கொட்டகையில் தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால், நாலு கோணிச் சாக்கை உரித்த பிறகு வண்டி தெரிந்தது. சீட்டை எலி தின்றிருந்தது. டேங்க் துரு. ஆனால் டிஸ்க் தட்டு அப்படியே இருந்தது. "முன் பிரேக்கைப் புடிச்சா ஆளையே தூக்கிப் போட்டுடும் தம்பி. எங்கண்ணன் ரெண்டு தடவ வுழுந்தாரு" என்றார் பெரியவர். வண்டி அண்ணனுடையதாம்.

நான் முதலில் எடுப்பது ஸ்பேனர் இல்லை. ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும். சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, தாளை அழுத்திப் பிடித்து, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்க்க வேண்டும். நம்பர் வெள்ளையாக எழுந்து வரும். ஆர்டிஓ ஆபீசில் கேட்கிற பென்சில் அச்சுதான் இது. கண்ணுக்குத் தெரியாததைத் தாள் காட்டிக்கொடுத்துவிடும். ராவிவிட்டு மறுபடி அடித்த நம்பர் என்றால் எழுத்தைச் சுற்றி அரம் தேய்த்த கோடுகளும் கூடவே எழும். எழுத்து ஒன்று குண்டாக, ஒன்று ஒல்லியாக நிற்கும். அச்சுக்கோர்த்த கைக்கு இது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். இந்த வண்டியில் எழுத்தெல்லாம் ஒரே அழுத்தம். ஒரு எழுத்து மட்டும் லேசாகச் சாய்ந்திருந்தது. அது கம்பெனியில் அடித்தவரின் கை.

அடுத்தது சிலிண்டர். பெரியவரின் பேரன் ஆசையாகக் கிக்கரை மிதிக்கப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். வருடக்கணக்கில் நின்ற டூ ஸ்ட்ரோக்கை எடுத்த எடுப்பில் மிதித்தால் பிஸ்டன் ரிங் உடைந்து மொத்தத்தையும் கீறிவிடும். பிளக்கைக் கழற்றி இரண்டு மூடி ஆயில் விட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து, கிக்கரைக் கையாலேயே மெதுவாக அழுத்தினேன். அசைந்தது! சைலன்சர் குழாயைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். ஃப்யூரியில் இந்த இடம்தான் உயிர்நாடி. மற்ற வண்டி மாதிரி இதில் சிலிண்டருக்குள் இரும்பு ஸ்லீவ், அதாவது உறை, கிடையாது. அலுமினியத்தின் மேலேயே கடினக் குரோம் பூசியிருப்பார்கள். தேய்ந்தால் உள்பக்கத்தைக் கடைந்து ரீபோர் போட முடியாது. குரோம் உரிந்துவிட்டால் லேத்துக்காரரிடம் போய் ஸ்லீவ் இறக்கித் தரச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். உள்ளே கண்ணாடி மாதிரி இருந்தது. ஓரிடத்தில் மட்டும் நகக்கண் அளவுக்கு மங்கல்.

விலையைப் பெரியவர் சொல்லவே இல்லை. பேரன்தான் போனை நீட்டி, "நெட்ல ஒன்றரை லட்சம் போட்டிருக்கான் அங்கிள்" என்றான். என்ன வண்டிக்கு என்று பார்த்தால், பெயிண்ட் அடித்த புல்லட்.

விலையை எப்படியும் பேசி முடிக்கலாம். காகிதத்தில்தான் மாட்டிக்கொண்டேன். ஆர்சி புத்தகம் இருக்கிறது; மஞ்சள் பையில் சுற்றி, அரிசிப் பானைக்குப் பின்னால். மூன்று எழுத்துப் பழைய நம்பர். ஆனால் பெயர் இறந்துபோன அண்ணனுடையது. விற்பவர் உயிரோடு இருந்தால் படிவம் 29, 30 என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். இதற்கு முதலில் படிவம் 31 போட்டு வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். வாரிசு என்றால் அண்ணனின் ஒரே மகள், ஓசூரில் இருக்கிறார். அதற்குப் பிறகு ஆர்சி புதுப்பிப்பு, பசுமை வரி. ஐம்பது வயது தாண்டியிருந்தால் 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி விண்டேஜ் என்று பதிந்து, நம்பரில் ‘விஏ’ எழுத்து வாங்கலாம். அந்த வண்டியையும் தினசரி ஓட்டக் கூடாது. ஃப்யூரிக்கு இன்னும் அந்த வயசு வரவில்லை.

"காகிதம் எதுக்கு சார், சும்மா எடுத்துட்டுப் போங்க" என்றார் கூட வந்த மெக்கானிக் அண்ணன். அப்படிக் காகிதமில்லாமல் வாங்கிய யெஸ்டி ரோட்கிங் பைக் ஒன்று ஆறு வருடமாக எங்கள் மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. என் மனைவி அதன் மேல்தான் துணி காயப்போடுகிறார்.

ஓசூர் மகளிடம் போனில் பேசினேன். "அப்பா வண்டியா? இன்னும் இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. தீபாவளிக்கு வருகிறாராம், பார்த்துவிட்டுச் சொல்கிறாராம். டேங்க்கில் ஒரு லிட்டர் டீசல் ஊற்றிக் குலுக்கி வைத்துவிட்டு, சாக்கைத் திரும்பப் போர்த்திவிட்டு வந்திருக்கிறேன்.